முக்கால் அங்குலத் தக்கை

புதிதாக வண்டி வாங்கியவர்கள் அதனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்லும் வழக்கம் நம் பங்குகளில் இன்றும் மறைந்துவிடவில்லை. மோட்டார் வண்டியாயினும் மிதிவண்டியாயினும், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மாதா கெபியின் முன்னால் நிறுத்திவிட்டுக் குடும்பத்தார் சூழ்ந்து நிற்பார்கள். கைப்பிடியில் ஒரு பூச்சரம் தொங்கும். குருவானவர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். சிறுவன் பெருமை பொங்க வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தில் நான் செய்யத் தவறிய ஒரு காரியத்தைப் பற்றியே அன்பர்களுக்கு எழுத முற்படுகிறேன்.

அன்று வந்தது, இளைஞர்கள் ‘ரோடு பைக்’ என்று சொல்லும் பந்தய வகை மிதிவண்டி. உறுதிபூசுதல் பெற்ற பதினான்கு வயது மகனுக்குத் தந்தையார் அளித்த பரிசு. புதிது வாங்க வசதியில்லை. பழைய வண்டிகள் விற்கும் ஒரு கடையில் வாங்கியிருந்தார். நம் சாதாரண மிதிவண்டியின் கைப்பிடி போன்றதன்று இவ்வகையின் கைப்பிடி. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முன்னே நீண்டு, கீழே வளைந்து, மீண்டும் ஓட்டுபவரை நோக்கித் திரும்பி முடியும். ரப்பர் பிடியுறைக்குப் பதிலாக அதன்மேல் நாடா சுற்றியிருப்பார்கள். வலப்பக்க முனையில் ஒரு சிறிய கறுப்புத் தக்கை செருகியிருந்தது. இடப்பக்கத்தில் இல்லை. நாடாவின் நுனி பிரிந்து தொங்க, அலுமினியக் குழலின் வாய் திறந்து கிடந்தது. நான் தெளித்த தீர்த்தத்தில் ஒரு துளி அதன் விளிம்பில் நின்று மின்னியது. ‘மூடியைத் தொலைத்துவிட்டார்கள் போலும்’ என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன். வாய் திறந்து ஒரு சொல்லும் சொன்னேனில்லை. ஞானஸ்நானத்துக்கு வேறொரு குடும்பம் காத்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் மாலை, தனிப்பயிற்சி வகுப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த அச்சிறுவன், தன் தெருமுனையில் கொட்டிக் கிடந்த மணலில் முன்சக்கரம் சறுக்க விழுந்தான். லாரி இல்லை, பேருந்து இல்லை, எதிரே வந்தவர் எவரும் இல்லை. வீடு நெருங்கிவிட்டபடியால் வேகத்தையும் குறைத்திருந்தான். சக்கரம் குறுக்கே திரும்பியபோது கைப்பிடியும் உடன் திரும்பி, அந்தத் திறந்த முனை மேல்நோக்கி நின்றது. அவன் வயிறு அதன்மேல் விழுந்தது.

இடப்பக்க விலாவுக்குக் கீழே, ஒரு நாணயத்தின் அளவில், வட்டமான வெட்டு. சட்டை, தோல், தசை மூன்றையும் கடந்து குடலைத் துளைத்திருந்தது. அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தந்தையாரோடு நானும் அமர்ந்திருந்தேன். நோயில்பூசுதலுக்குரிய எண்ணெய் என் பையில் இருந்தது. விடிவதற்குச் சற்று முன்பு அறுவை மருத்துவர் வெளியே வந்து, பையன் பிழைத்துக்கொள்வான் என்றார். அதன்பின்னரே தந்தையார் பேசினார். “சாமி, ஒரு பக்கத்து மூடி இல்லையே என்று கடைக்காரரிடம் கேட்டேன். அது வெறும் அழகுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்” என்றார்.

அவர் கேட்கவாவது கேட்டார். நான் கண்டும் கேளாதிருந்தேன்.

மறுநாள் வண்டியை எடுத்து நிறுத்தியவர்கள் அந்தக் குழலுக்குள் பார்த்தபோது, பள்ளிச் சீருடைத் துணியின் வட்டத் துண்டு ஒன்று, தையற்காரர் கத்தரித்து வைத்தாற்போல், உள்ளே இருந்ததாம். அதைக் கேட்ட நாள்முதலாக இந்தத் தக்கை என்னும் சிறு பொருளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். மிதிவண்டி பழுதுபார்ப்போரிடமும், நெடுந்தூரம் மிதித்துச் செல்லும் இளைஞர்களிடமும் கேட்டறிந்தேன். கிடைத்த நூல்களையும் விதிகளையும் படித்தேன். பங்குக் குருவானவருக்கு இதுவும் ஒரு வேலையா என்று சிலர் நகைத்தார்கள். நகைக்கட்டும்.

முதலில், அது அழகுக்கன்று என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். பந்தய வண்டிக் கைப்பிடியின் முனையில் தக்கைக்கு இரண்டு வேலைகள் உண்டு. நாடாவின் நுனியைக் குழலுக்குள் இறுக்கிப் பிடித்துப் பிரியாமல் காப்பது ஒன்று. குழலின் வாயை அடைப்பது மற்றொன்று. முதலாவது வண்டியின் தோற்றத்துக்கு. இரண்டாவது ஓட்டுபவரின் உயிருக்கு. இரண்டையும் ஒரே பொருள் செய்வதால், முதலாவதையே கண்டு பழகியவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

அரிசி மண்டிக்குச் சென்றவர்கள், மூட்டையைப் பிரிக்காமலே மாதிரி எடுக்கும் குழாய்க் குத்தூசியைக் கண்டிருப்பார்கள். வணிகர் அதைச் சாக்கில் குத்தி எடுத்தால் குழாய் நிறைய அரிசி வந்துவிடும். முனை திறந்த கைப்பிடியும் அத்தகைய குழாயே. கணக்காகச் சொல்வதானால், பந்தய வண்டிக் கைப்பிடியின் வெளிவிட்டம் முனையில் பெரும்பாலும் 23.8 மில்லிமீட்டர். உள்விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். தக்கை இருக்கும்போது விழுபவரின் எடை சுமார் 445 சதுர மில்லிமீட்டர் பரப்பில் தாங்கப்படும். தக்கை இல்லாதபோது அதே எடையை 130 சதுர மில்லிமீட்டர் அளவேயுள்ள ஒரு மெல்லிய வளையம் தாங்க வேண்டும். அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. அதோடு, அந்த வளையத்தின் விளிம்பு அறுத்த உலோகம். தோலில் துளையிடும் செருப்புத் தொழிலாளியின் கருவியும் இதே தத்துவத்தில்தான் செய்யப்பட்டிருக்கிறது.

குழல் உள்ளே வெறுமையாக இருப்பது குற்றமன்று. எடை குறையவும் உறுதி குறையாதிருக்கவும் அவ்வாறுதான் செய்ய வேண்டும். மிதிவண்டியின் வெற்றுக் குழல்கள் நன்மைக்கும் பயன்பட்டதுண்டு. 1938ஆம் ஆண்டிலும் 1948ஆம் ஆண்டிலும் பிரான்சு நாட்டைச் சுற்றும் பெரும் பந்தயத்தில் வென்ற இத்தாலியர் ஜீனோ பார்த்தாலி, ஆழ்ந்த கத்தோலிக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புளோரன்சு நகரின் கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவின் முயற்சிக்குத் துணைநின்று, யூத மக்களைக் காப்பதற்கான போலி அடையாளத் தாள்களைத் தம் வண்டியின் குழல்களுக்குள் சுருட்டி வைத்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார் என்று கூறுவர். எருசலேமிலுள்ள யாத் வாஷேம் நினைவகம் கர்தினாலை 2012ஆம் ஆண்டிலும் பார்த்தாலியை 2013ஆம் ஆண்டிலும் நீதிமான்களின் வரிசையில் சேர்த்துச் சிறப்பித்தது. இதை ஒரு மாலை மறைக்கல்வி வகுப்பில் சொன்னபோது, “அந்தக் குழலை அவர் எதைக் கொண்டு அடைத்தார், சாமி?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை.

இனி விதிகளுக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், மிதிவண்டிக் கைப்பிடியின் முனைகள் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த மூடியோ பிடியுறையோ 15 பவுண்டு விசையோடு இழுத்தாலும் கழன்று வரக்கூடாது என்றும் அளவு குறித்திருக்கின்றன. ஏழு லிட்டர் தண்ணீர் கொண்ட ஒரு வாளியைத் தூக்குவதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ அவ்வளவுதான். மிதிவண்டிகளுக்கான பன்னாட்டுத் தர அளவைகளும் பிடியுறையையும் தக்கையையும் இழுத்துச் சோதிக்கச் சொல்கின்றன. பல நாடுகளின் பந்தய விதிகளில், முனை அடைக்கப்படாத கைப்பிடியோடு போட்டியில் கலந்துகொள்ளத் தடை உண்டு. பந்தயத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுவது வழக்கமாதலால், என் வண்டியின் திறந்த முனை என்னை மட்டுமன்றி என் பக்கத்தில் வருபவரையும் குத்தும் என்பதை அவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

‘மூடியிருக்க வேண்டும்’ என்பதற்கும் ‘இழுத்தாலும் வரக்கூடாது’ என்பதற்கும் உள்ள வேற்றுமையைப் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். விழும்போது முதலில் தரையில் மோதுவது பல வேளைகளில் கைப்பிடியின் முனைதான். தளர்வான தக்கை அந்த முதல் மோதலிலேயே தெறித்துப் போய்விடும். அடுத்த கணத்தில் உடல் வந்து விழும்போது குழல் வாய் திறந்து நிற்கும். தளர்ந்த தக்கை இருப்பது, மூடியிருக்கிறது என்ற ஏமாற்று நினைவை மட்டுமே தருகிறது.

கடையில் நாடா வாங்கினால் அந்தப் பெட்டிக்குள்ளேயே இரண்டு தக்கைகள் வரும். பிளாஸ்டிக்கால் ஆனவை, பக்கங்களில் மீன் செதில்போன்ற வரிகள் இருக்கும். இவை வெறும் உராய்வினால் மட்டுமே நிற்பவை. எண்ணெய்ப் புட்டியின் தக்கை தளர்ந்தால் நம் பாட்டிமார் துணி சுற்றி அடைப்பார்களல்லவா? அதே முறைதான். நாடாவைக் கைப்பிடியின் முனையிலிருந்து சுற்றத் தொடங்க வேண்டும். அதன் அகலத்தில் பாதியை முனைக்கு வெளியே நீளவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி, நீண்ட பகுதியை உள்ளே மடித்து, அதன்மேல் தக்கையை அழுத்த வேண்டும். மடிந்த நாடாவே தக்கைக்கு இறுக்கம் தருகிறது. உள்ளங்கையால் பலமுறை தட்டினால்தான் உள்ளே போகும் என்றிருந்தால் அது நிற்கும். விரலால் அழுத்தியவுடன் போய்விட்டதென்றால் விரலாலேயே வந்தும் விடும். மெல்லிய நாடாவும் அகன்ற குழலும் சேர்ந்துவிட்டால் இந்தத் தளர்ச்சி நேரும். அப்போது தக்கையின் உடலில் துணிநாடா ஓரிரு சுற்றுச் சுற்றிச் செருகலாம். வெயிலில் நின்று நின்று பிளாஸ்டிக் இறுகி வெடித்துவிட்டதென்றால் சுற்றிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது வகையை நான் விரியும் தக்கை என்று சொல்வேன். அதன் நடுவில் ஒரு திருகாணி உண்டு. தக்கையைக் குழலுக்குள் செருகி, ஆலன் சாவியால் அத்திருகாணியை வலமாகத் திருப்பினால், உள்ளேயிருக்கும் ஆப்பு இழுக்கப்பட்டு, தக்கையின் உடல் விரிந்து குழலின் உட்சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். சிலவற்றில் ஆப்புக்குப் பதிலாக ரப்பர் வளையம் நசுங்கிப் புடைக்கும். நாடாவின் கனத்தை நம்பி நிற்க வேண்டிய தேவை இதற்கு இல்லை. சிறுவர் ஓட்டும் பந்தய வகை வண்டிக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். விலை சற்றுக் கூடுதல். ஆயினும் வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதன்று. திருகாணி ஓட்டத்தின் அதிர்வில் தளரக்கூடும். ஆகவே மாட்டிய சில வாரங்களில் ஒருமுறையும், பின்னர் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் போதெல்லாமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கார்பன் இழையால் செய்த விலையுயர்ந்த கைப்பிடியாயின் ஓர் எச்சரிக்கை: வலிமையெல்லாம் சேர்த்துத் திருகினால் உள்ளிருந்து குழலே விரிசல் விடலாம். அத்தகைய கைப்பிடிக்கு எவ்வகைத் தக்கை பொருந்தும் என்பதை அதனைச் செய்தவர்களின் குறிப்பில் பார்த்தே வாங்க வேண்டும்.

பளபளக்கும் வண்ணங்களில் அலுமினியத் தலையோடு வரும் தக்கைகளைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். தீங்கில்லை. ஆனால் ஒருமுறை தரையில் உராய்ந்துவிட்டால் உலோகத்தில் பிசிறு எழும்; அரத்தால் தேய்த்துவிடாவிட்டால் அதுவே கிழிக்கும். இரண்டு கிராம் எடை குறையும் என்று சொல்லித் தக்கையையே விட்டுவிடும் இளைஞர்களையும் கண்டேன். அவர்களில் ஒருவருக்காவது காலை உணவில் இரண்டு இட்லி குறைக்கலாமே என்று தோன்றவில்லை.

மேலைநாட்டு மிதிவண்டிக்காரர்களிடையே திராட்சை மதுப் புட்டியின் தக்கையைச் செதுக்கி அடைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. மரத்தக்கை அமுங்கி விரியக்கூடிய பொருளாதலால், குழலின் அளவுக்குச் சற்றுப் பெரிதாகவே செதுக்கித் தட்டி ஏற்றினால் நன்றாகவே நிற்கும். பூசை இரசப் புட்டியின் தக்கை இருக்கிறதே என்று நினைத்துத் தேடினேன். இப்போது எமக்கு வரும் புட்டிகளுக்குத் திருகுமூடி! அவசரத்துக்கு மரத்தக்கை ஏற்கத்தக்கதே. ஏற்கத்தகாதவை சில உண்டு. சுருட்டிய தாள், சோடாப் புட்டி மூடியை ஒட்டுநாடாவால் சுற்றியது, குழலின் வாயில் பூசிய களிம்பு ஆகியவை பார்வைக்கு மட்டும் மூடியிருக்கும்.

அளவு பற்றி ஒரு சொல். சாதாரண நேர்க்கைப்பிடிகள் பலவற்றின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், வளைந்த பந்தயக் கைப்பிடியைவிடச் சிறியது. குழலின் சுவர்க்கனமும் வண்டிக்கு வண்டி மாறும். ஆகையால் ஒன்றுக்கு வாங்கிய தக்கை மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று எண்ணி வாங்கிவந்து ஏமாற வேண்டா. வண்டியையே கடைக்கு ஓட்டிச் சென்று அங்கேயே பொருத்திப் பார்த்து வாங்குவது உத்தமம். பொருத்தியபின் சோதிக்கும் விதம் எளிது. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தக்கையின் தலையைப் பற்றித் திருகுங்கள். பின்னர் நகத்தை விளிம்பில் கொடுத்து நெம்பிப் பாருங்கள். திருகும்போது தளர்ந்து சுழலுமானால், அது விழும் நாளில் நிற்காது.

‘எங்கள் வீட்டில் பந்தய வண்டி இல்லை, சாமி’ என்று இதைப் படிக்கும் தாய்மார் பலர் எண்ணுவார்கள். அவர்களுக்கும் சேதி உண்டு. அச்சிறுவன் மருத்துவமனையில் கிடந்த ஞாயிறன்று, கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்ற மிதிவண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். சாதாரண வண்டியின் ரப்பர் பிடியுறைக்கு முனை அடைபட்டே இருக்கும். ஆனால் வண்டியைச் சுவரில் சாய்த்துச் சாய்த்து நிறுத்துவதாலும், அடிக்கடி விழுவதாலும், உள்ளேயிருக்கும் குழலின் விளிம்பு அந்த ரப்பரை உட்புறமிருந்தே அறுத்துவிடுகிறது. வட்டமாக ஓட்டை விழுந்து உலோகம் வெளியே எட்டிப் பார்க்கிறது. அப்படிப்பட்ட வண்டிகளை எண்ணத் தொடங்கிய எனக்கு இரண்டு கை விரல்களும் போதவில்லை. அவற்றில் பாதி, ஐந்தாறு வயதுப் பிள்ளைகளின் வண்டிகள். சிறுவர் வண்டிகளின் பிடியுறை முனை குடைபோல் அகன்றிருப்பது காரணமின்றி அன்று. விழுந்தால் தாங்கும் பரப்பு கூடட்டும் என்றுதான். அந்தக் குடை கிழிந்த பின்னும், மிதிகட்டை சுழல்கிறது, மணி அடிக்கிறது என்று நாம் நிறைவடைந்து விடுகிறோம். அண்ணன் ஓட்டிய வண்டி தம்பிக்கு வருகிறது. தம்பியிடமிருந்து தங்கைக்குப் போகிறது. பிடியுறை மட்டும் மாறுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தக்கை இருந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அறுவை மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். முனை நன்றாக மூடியிருந்தாலும், கைப்பிடி வயிற்றில் குத்தும்போது கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்போடு வைத்து நசுக்கப்படலாம். கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து உள்ளே குருதி கசியலாம். தோலில் ஒரு சிவந்த வட்டத் தடம் மட்டுமே இருக்கும். சில வேளை அதுவும் இராது. பிள்ளை எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, ‘ஒன்றுமில்லை அம்மா’ என்று சொல்லும். சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கும். மண்ணீரல் கிழிந்திருந்தால் வலி இடத்தோளில்கூடத் தோன்றும். ஆகவே கைப்பிடி வயிற்றில் குத்தியது என்று தெரிந்தால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; ‘சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது’ என்று அவரிடம் மறவாமல் சொல்லுங்கள். வெறுமனே ‘விழுந்துவிட்டான்’ என்றால் கை காலைத்தான் பார்ப்பார்கள். தைலம் தேய்த்து, சோடா குடிக்கக் கொடுத்து, காலைவரை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளை, விழுந்ததற்காக அடிக்கவும் வேண்டா. அடிக்கு அஞ்சும் பிள்ளை வலியை மறைக்கும்.

தக்கை செய்வது என்னவெனில், வெட்டை வீக்கமாக மாற்றுவது. குத்தூசியை மழுங்கிய கட்டையாக்குவது. நம் சிறுவனுக்கு நேர்ந்த வெட்டைத் தடுக்க அது போதுமாயிருந்திருக்கும்.

குருமடத்தில் அறநெறி இயல் படித்த நாளில், செய்த பாவத்தைவிடச் செய்யத் தவறிய பாவத்தை அளப்பதே கடினம் என்று எங்கள் பேராசிரியர் சொல்வதுண்டு. ஒவ்வொரு பூசையின் தொடக்கத்திலும் நாம் அறிக்கையிடுவதில் அதுவும் அடங்கியிருக்கிறது. நாவு பழகிய வேகத்தில் அந்த இடத்தைக் கடந்துவிடுகிறோம். பழைய ஏற்பாட்டின் சட்டங்கள் இந்த வகையில் மிகவும் கண்டிப்பானவை. குழியைத் தோண்டியோ திறந்தோ விட்டு மூடாமல் போனவன், அதில் பிறனுடைய மாடு விழுந்து செத்தால் ஈடுகட்ட வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம். உபாகமம் என்று நாம் முன்னர் அழைத்த இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பக் கடமைப்பட்டவன். எழுப்பாமல் விட்டு எவனாவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். மதிலுக்கும் வண்டிக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதை இத்தனை ஆண்டு மறையுரை ஆற்றியும் நான் கவனித்ததில்லை. விழுந்தபின் அழுவதைப் பற்றியோ, விழுந்தவனுக்காகச் செபிப்பதைப் பற்றியோ அந்தச் சட்டம் பேசவில்லை. சுவரை முதலில் கட்டு என்கிறது.

சிறுவன் ஏறக்குறைய இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தான். பள்ளிக்கு இரண்டு மாதம் செல்லவில்லை. வயிற்றில் அந்த வட்டத் தழும்பும், அதன் குறுக்கே அறுவையின் நீண்ட தழும்பும் இருக்கின்றன. தாயார் அந்த வண்டியை விற்றுவிடச் சொன்னார். தந்தையார் இசையவில்லை. வாங்குபவர் வீட்டிலும் ஒரு பையன் இருப்பானே, இப்படியே எப்படி விற்பது என்று கேட்டாராம். அவர் கல்வி அதிகம் பெற்றவரல்லர்.

திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில் தந்தையும் மகனும் அதே வண்டியோடு வந்தார்கள். புதிய நாடா சுற்றியிருந்தது. பூச்சரம் இல்லை. “சாமி, இன்னொரு முறை மந்திரிக்க வேண்டுமா?” என்று தந்தையார் தயங்கிக் கேட்டார். முதலில் மந்திரித்ததே போதும் என்றேன். பிறகு மண்டியிடாத குறையாகக் குனிந்து, கைப்பிடியின் இரு முனைகளையும் பற்றித் திருகிப் பார்த்தேன். இரண்டும் விரியும் தக்கைகள். இடப்பக்கத்தது அசையவில்லை. வலப்பக்கத்தது ஒரு மயிரிழை அளவு சுழன்றது. சிறுவன் என் முகத்தைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஆலன் சாவியை எடுத்து, அரைச் சுற்றுத் திருகினான். “இப்போது பாருங்கள், சாமி” என்றான்.